இந்திய சாண்ட்ஹர்ஸ்ட்: டேராடூன் ராணுவ அகாடமியின் கதை

இந்திய ராணுவ அகாடமி 1932 அக்டோபர் 1 அன்று டேராடூனில் 40 மாணவர்களோடு தொடங்கியது. இமயமலை அடிவாரத்தில், நகரிலிருந்து மேற்கே சக்ராதாவுக்குப் போகும் சாலையில், ரயில்வே அலுவலர் பயிற்சிக் கல்லூரிக்காகக் கட்டப்பட்டிருந்த கட்டடங்களே அதற்குக் கிடைத்தன. பொருளாதாரப் பெருமந்தத்தில் ரயில்வே அந்தக் கல்லூரியை நடத்த முடியாமல் மூடிவிட்டது. ராணுவம் அதை வாங்கிக்கொண்டது. நாட்டின் முதல் ராணுவ அதிகாரிக் கல்லூரி இப்படிக் கைமாறிய இடத்தில் சிக்கனமாகத்தான் பிறந்தது. அந்தச் சிக்கனமான தொடக்கத்துக்கும் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் வாதாட வேண்டியிருந்தது.

பட்டாளத்தில் சிப்பாயாகச் சேர இந்தியருக்குத் தடை இருந்ததில்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் காலத்திலிருந்தே சென்னை, வங்காளம், பம்பாய் என மூன்று மாகாணப் படைகளும் இந்தியச் சிப்பாய்களாலேயே நிரம்பியிருந்தன. அடைபட்டுக் கிடந்தது அதிகாரி பதவிதான். அன்றைய படையில் இரண்டு வகை அதிகாரிகள் இருந்தார்கள். அரசரின் பெயரால் நியமனம் பெற்றவர்கள் ஒரு வகை. லெப்டினன்ட் முதல் ஜெனரல் வரை எல்லாரும் ஆங்கிலேயர். வைஸ்ராயின் பெயரால் நியமனம் பெற்றவர்கள் இன்னொரு வகை. ஜமேதார், சுபேதார், சுபேதார் மேஜர் என்னும் பதவிகளில் இருந்த இந்தியர். முப்பது வருடம் பணியாற்றி, பல போர்களைப் பார்த்து, மார்பு நிறையப் பதக்கம் அணிந்த சுபேதார் மேஜரும் லண்டனிலிருந்து நேற்று வந்திறங்கிய இருபது வயது இளைஞருக்குக் கீழ்ப்பட்டவர்தான். ஆங்கிலேயச் சிப்பாய் இந்தியர் ஒருவரின் உத்தரவுக்குப் பணியும் நிலை வந்துவிடக் கூடாது என்பதே இந்த ஏற்பாட்டின் அடிப்படை. வீரம், ஒழுக்கம், கல்வி என்று வேறு எத்தனை காரணங்கள் சொல்லப்பட்டாலும் அவையெல்லாம் இதற்குப் போர்த்திய போர்வைகள்.

இந்தத் தடையில் முதல் விரிசலை விட்டவர் வைஸ்ராய் கர்சன் பிரபு. 1901-இல் அவர் தொடங்கிய இம்பீரியல் கேடட் படையில் சமஸ்தானங்களின் இளவரசர்களும் பிரபுக்களின் பிள்ளைகளும் சேர்ந்தார்கள். குதிரையேற்றமும் அணிவகுப்பும் கற்றார்கள். பயிற்சி முடிந்தபின் கிடைத்த நியமனத்தில்தான் சூட்சுமம் இருந்தது: ஆங்கிலேயத் துருப்புகள் மீது அதற்கு எந்த அதிகாரமும் கிடையாது. பகட்டுக்குப் பயன்பட்ட அந்த அமைப்பு முதல் உலகப் போரின்போது முடிவுக்கு வந்தது. டேராடூனில் அது இருந்த வளாகம் மட்டும் பின்னால் வேறொரு வேலைக்கு உதவியது.

அந்தப் போரில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் கடல் கடந்து போனார்கள். பிரான்சின் பதுங்குகுழிகளிலும் மெசபடோமியாவின் மணலிலும் அவர்கள் மடிந்தபின், அதிகாரி பதவி உங்களுக்கு இல்லை என்று சொல்வது லண்டனுக்கே கூச்சமாகிவிட்டது. 1917 ஆகஸ்டில் இம்பீரியல் கேடட் படையில் பயின்ற ஒன்பது பேருக்கு அரசரின் நியமனம் கிடைத்தது. மறு ஆண்டு, இங்கிலாந்தின் சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரியில் இந்தியருக்கு வருடத்துக்குப் பத்து இடங்கள் என்று அறிவித்தார்கள். போர்க்காலத் தேவைக்காக இந்தூரின் டேலி கல்லூரியில் ஒரு தற்காலிகப் பயிற்சிப் பள்ளியும் நடந்தது. குடகைச் சேர்ந்த கே.எம். கரியப்பா அங்கே பயின்றவர். பிற்காலத்தில் இந்தியத் தரைப்படையின் முதல் இந்தியத் தலைமைத் தளபதி ஆனவர் அவர்தான்.

பத்து இடம் என்பது கேட்பதற்கு ஒரு தொடக்கம் போலத் தெரியும். நடைமுறையில் அந்தப் பத்தும் சரிவர நிரம்பவில்லை. மகனை ஆறாயிரம் மைலுக்கு அப்பால் அனுப்பிச் செலவைத் தாங்கக்கூடிய குடும்பங்கள் சில. அவற்றிலும் அரசுக்கு விசுவாசமானவை என்று அதிகாரிகள் பரிந்துரைத்தவற்றுக்கே வாய்ப்பு. போய்ச் சேர்ந்த இளைஞர்களோ ஆங்கிலப் பள்ளிகளின் பழக்கவழக்கம் தெரியாமல் திணறினார்கள். கணிசமானவர்கள் தேறாமல் திரும்பினார்கள். இந்தியரிடம் தகுதி இல்லை என்பதற்கு இதையே சான்றாகக் காட்டினார்கள். அடிவாரத்தில் பள்ளியே இல்லாமல் உச்சியில் தேர்வு வைத்தால் வேறென்ன நடக்கும்? இந்தக் குறையைத் தீர்ப்பதற்காக, 1922 மார்ச்சில் வேல்ஸ் இளவரசரின் பெயரில் ஒரு பள்ளி திறக்கப்பட்டது. சாண்ட்ஹர்ஸ்ட் போக விரும்பும் சிறுவர்களைத் தயார்ப்படுத்திய அந்தப் பள்ளிக்குத்தான் கர்சனின் பழைய கேடட் வளாகம் கிடைத்தது. ராஷ்ட்ரிய இந்திய ராணுவக் கல்லூரி என்ற பெயரில் அது இன்றும் டேராடூனில் நடக்கிறது.

இந்தியாவிலேயே ஒரு சாண்ட்ஹர்ஸ்ட் வேண்டும் என்ற கோரிக்கை போர்க்களத்திலிருந்து எழவில்லை, சட்டசபையிலிருந்து எழுந்தது. அதில் ஒரு தமிழருக்கு முக்கியமான பங்கு உண்டு. தஞ்சை மாவட்டத்தில் பிறந்து, சென்னை மாகாணத்தின் அட்வகேட் ஜெனரலாகவும் கவர்னரின் நிர்வாக சபை உறுப்பினராகவும் இருந்த சர் பி.எஸ். சிவசாமி ஐயர் 1921-இல் மத்திய சட்டசபையில் உறுப்பினராக இருந்தார். படையின் சீரமைப்பைப் பற்றி எஷர் குழு அளித்திருந்த அறிக்கை அப்போது விவாதத்துக்கு வந்தது. இந்தியப் படையைப் பிரிட்டிஷ் பேரரசின் தேவைக்கு ஏற்ற கருவியாக அந்த அறிக்கை கருதியது. சிவசாமி ஐயர் அதை வரிக்கு வரி ஆராய்ந்து, 1921 மார்ச்சில் வரிசையாகப் பல தீர்மானங்களைக் கொண்டுவந்தார். இந்தியப் படை இந்தியாவின் பாதுகாப்புக்கு உரியது. அரசரின் நியமனங்களில் தொடக்கத்திலேயே குறைந்தது நூற்றுக்கு 25 இந்தியருக்குத் தரவேண்டும். சாண்ட்ஹர்ஸ்ட் போன்ற கல்லூரி ஒன்றை இந்தியாவில் நிறுவுவதை அரசு இலக்காகக் கொள்ளவேண்டும் என்பவை அவற்றில் அடங்கும். சட்டசபை அவற்றை ஏற்றது. துப்பாக்கியைத் தொட்டறியாத ஒரு மயிலாப்பூர் வக்கீல் ராணுவ நிர்வாகத்தின் நுணுக்கங்களை இப்படிக் கரைத்துக் குடித்திருந்தது அன்றைய தளபதிகளுக்கு உவப்பாக இருந்திருக்காது. மிதவாதிகள் மனுப் போடுவதோடு நின்றுவிட்டவர்கள் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்பவர்கள் இந்தத் தீர்மானங்களைப் படித்துப் பார்க்கவேண்டும்.

தீர்மானம் நிறைவேறுவது வேறு, அரசு செயல்படுவது வேறு. 1923-இல் அரசு தந்த பதில் 'எட்டு யூனிட் திட்டம்'. இந்திய அதிகாரிகள் குறிப்பிட்ட எட்டுப் படைப்பிரிவுகளுக்கு மட்டுமே அனுப்பப்படுவார்கள். அவை காலப்போக்கில் முழுவதும் இந்தியர் வசம் வரும். முன்னேற்றத்தின் பெயரால் ஒதுக்கிவைக்கும் ஏற்பாடு இது. ஆங்கிலேய அதிகாரி இந்தியருக்குக் கீழே பணியாற்ற நேரக்கூடாது என்ற பழைய கவலைதான் புது உருவில் வந்தது. அந்த எட்டில் சென்னை பயனியர் பட்டாலியன் ஒன்றும் இருந்தது. பத்தே ஆண்டுகளில் அதையும் கலைத்துவிட்டார்கள்.

அடுத்து ஜெனரல் ஆண்ட்ரூ ஸ்கீன் தலைமையில் 1925-இல் ஒரு குழு அமைந்தது. மோதிலால் நேரு, முகமது அலி ஜின்னா ஆகிய இருவருமே அதில் உறுப்பினர்கள். மோதிலால் இடையில் விலகிவிட்டார். ஜின்னா கடைசிவரை இருந்து, மேலை நாடுகளின் ராணுவக் கல்லூரிகளையும் நேரில் பார்த்து வந்தார். சாண்ட்ஹர்ஸ்ட் இடங்களை இரட்டிப்பாக்குவது, 1933-இல் இந்தியாவிலேயே கல்லூரி திறப்பது, 1952-க்குள் அதிகாரிகளில் பாதிப் பேர் இந்தியராக இருக்கும்படி செய்வது என்று குழு பரிந்துரைத்தது. எட்டு யூனிட் திட்டத்தைக் கைவிடவும் சொன்னது. அரசு இடங்களைக் கூட்டியது. மற்றவற்றைக் கிடப்பில் போட்டது. அறிக்கையில் குறித்த 1952-க்கு ஐந்து ஆண்டு முன்னதாகவே முழுப் படையும் இந்தியர் கைக்கு வந்துவிட்டது. அந்த எச்சரிக்கையான கணக்கைப் போட்டவர்கள் அன்று தீவிரவாதிகளாகப் பார்க்கப்பட்டார்கள் என்பது இன்று வேடிக்கையாகத் தோன்றும்.

முட்டுக்கட்டை வட்டமேசை மாநாட்டில்தான் நீங்கியது. 1931-இல் தலைமைத் தளபதி பிலிப் செட்வோட் தலைமையில் இந்திய ராணுவக் கல்லூரிக் குழு கூடியது. சிவசாமி ஐயர் இதிலும் உறுப்பினர். இந்தியப் படைக்கு வருடத்துக்கு 60 அதிகாரிகள் போதும் என்பது ராணுவத் தலைமையின் நிலை. அந்த வேகத்தில் போனால் எத்தனை தலைமுறை ஆகும் என்பது இந்திய உறுப்பினர்கள் சிலரின் கேள்வி. வென்றது ராணுவத் தலைமைதான். ஆறு மாதத்துக்கு ஒரு முறை 40 பேரைச் சேர்ப்பது, இரண்டரை ஆண்டு பயிற்சி தருவது என்று முடிவாயிற்று. நாற்பதில் பதினைந்து இடம் பொதுப் போட்டித் தேர்வுக்கு, பதினைந்து படையில் ஏற்கெனவே சிப்பாயாக இருப்பவர்களுக்கு, பத்து சமஸ்தானப் படைகளுக்கு.

இந்தப் பங்கீடு தமிழ்நாட்டுக்குப் பாதகமாக அமைந்தது. 'போர்க்குடிகள்' என்னும் கோட்பாட்டின்படி பஞ்சாபிலிருந்தும் வடமேற்கிலிருந்துமே ஆள் எடுத்துவந்த அரசு, மதராஸ் ரெஜிமெண்டின் கடைசிப் பட்டாலியனை 1928-இல் கலைத்திருந்தது. படையில் ஆள் மிகக் குறைந்துபோன மாகாணத்திலிருந்து படையினருக்கான பதினைந்து இடத்துக்கு யார் போவது? பெரும்பாலான தமிழ் இளைஞருக்குப் போட்டித் தேர்வுதான் எஞ்சிய வழி. அதற்கும் பயிற்சிச் செலவைப் பெற்றோர் ஏற்கவேண்டும்.

1932 டிசம்பர் 10 அன்று அகாடமியை முறைப்படி திறந்துவைத்த செட்வோட் ஆற்றிய உரை இந்திய ராணுவத்தில் எல்லாருக்கும் தெரிந்த ஒன்று. நாட்டின் பாதுகாப்பும் மானமும் நலமும் எப்போதும் முதலில். உங்கள் கீழ் உள்ள வீரர்களின் மானமும் நலமும் வசதியும் அடுத்து. உங்கள் சொந்த வசதியும் பாதுகாப்பும் எப்போதும் கடைசியில் என்பது அதன் சாரம். அவர் பெயரைத் தாங்கிய மண்டபத்தில் அந்த வாசகம் பொறிக்கப்பட்டு, அகாடமியின் மந்திரமாகவே ஆகிவிட்டது. 'உங்கள் நாடு' என்று ஓர் ஆங்கிலேயத் தளபதி அடிமை நாட்டு இளைஞர்களிடம் சொன்னபோது எந்த நாட்டை மனதில் வைத்திருந்தார் என்பது வேறு கேள்வி. கேட்ட நாற்பது பேரும் தங்களுக்கேற்றபடி பொருள் கொண்டார்கள் என்பதைப் பிந்தைய வரலாறு காட்டுகிறது.

'பயனியர்கள்' என்று அழைக்கப்படும் அந்த முதல் அணியிலிருந்து மூன்று நாடுகளின் படைத்தலைவர்கள் வந்தார்கள். போட்டித் தேர்வில் ஆறாவதாகத் தேறிய சாம் மானெக்‌ஷா இந்தியாவின் தலைமைத் தளபதியாகவும் பின்னர் ஃபீல்டு மார்ஷலாகவும் ஆனார். முகமது மூசா பாகிஸ்தான் தரைப்படையின் தலைவரானார். ஸ்மித் டன் சுதந்திர பர்மாவின் முதல் படைத்தலைவரானார். முதல் கமாண்டன்ட் பிரிகேடியர் எல்.பி. காலின்ஸ். 1934-இல் வைஸ்ராய் வில்லிங்டன் பிரபு அகாடமிக்குக் கொடி வழங்கினார். அந்த ஆண்டு டிசம்பரில் முதல் அணி பயிற்சி முடித்து வெளியேறியது.

வெளியே வந்தவர்களுக்குக் காத்திருந்தது ஏமாற்றம். சாண்ட்ஹர்ஸ்டில் பயின்ற இந்தியர் அரசரின் நியமனம் பெற்றவர்கள். டேராடூனில் பயின்றவர்களுக்கோ 'இந்திய நியமனம்' என்ற தனி வகை. சம்பளம் குறைவு. ஆங்கிலேயத் துருப்புகள் மீது அவர்களுக்கு இருந்த அதிகாரமும் மட்டானது. இன்னொரு கசப்பும் உண்டு. இந்தியமயமாகும் படைப்பிரிவுகளில், அதுவரை சுபேதார்களும் ஜமேதார்களும் பார்த்துவந்த பிளட்டூன் தலைமையை இவர்களுக்குக் கொடுத்தார்கள். ஆங்கிலேய லெப்டினன்ட் ஒரு கம்பெனியை நடத்தும் வயதில் டேராடூன் லெப்டினன்ட் முப்பது பேரை நடத்திக்கொண்டிருப்பார். இதனால் சுபேதார்களின் பிழைப்பும் கெட்டது. இளம் அதிகாரிகளின் மதிப்பும் இறங்கியது. இரண்டு தரப்பையும் ஒரே அடியில் புண்படுத்திய திட்டம் இது.

இந்தக் கட்டுகளை அறுத்தது இரண்டாம் உலகப் போர். 1939-இல் இந்தியப் படையில் போர்ப்பணிக்குரிய இந்திய அதிகாரிகள் சுமார் 400 பேர். 1945-இல் அந்த எண்ணிக்கை 8,000-ஐத் தாண்டியது. எட்டு யூனிட் வகையறா ஒதுக்கீடுகள் தாமாக மறைந்தன. இந்திய அதிகாரி எந்தப் படைப்பிரிவுக்கும் போகலாம் என்றாயிற்று. இரண்டரை ஆண்டுப் பயிற்சி ஆறு மாதமாகச் சுருங்கியது. 1941 ஆகஸ்ட் முதல் 1946 ஜனவரி வரை டேராடூனிலிருந்து 3,887 பேர் அதிகாரிகளாக வெளியேறினார்கள். அவர்களில் 710 பேர் ஆங்கிலேயர். இந்தியரோடு ஆங்கிலேயர் ஒரே வரிசையில் நிற்பதை எண்ணிப்பார்க்கவே மறுத்த படையில், ஆங்கிலேயர்களே டேராடூனுக்கு வந்து பயின்றார்கள். பெல்காம், பெங்களூர், மவ் ஆகிய ஊர்களிலும் தற்காலிக அதிகாரிப் பள்ளிகள் இயங்கின.

1947-இல் நாட்டோடு கல்லூரியும் பிரிந்தது. பாகிஸ்தானைத் தேர்ந்துகொண்ட கேடட்டுகள் அக்டோபரில் டேராடூனை விட்டுப் புறப்பட்டார்கள். எல்லைக்கு இரு புறமும் கலவரம் எரிந்துகொண்டிருந்த நாட்களில் ஒரே விடுதியில் தூங்கியவர்கள் கைகுலுக்கிப் பிரிந்தார்கள். பாகிஸ்தானுக்கான அகாடமி 1948 தொடக்கத்தில் அபோட்டாபாத் அருகே காகூலில் தொடங்கியது. டேராடூனில் பிரிகேடியர் தாக்கூர் மகாதேவ் சிங் முதல் இந்தியக் கமாண்டன்ட் ஆனார். அந்த ஆண்டு தேறிய இளம் அதிகாரிகள் பலர் அணிவகுப்புத் திடலிலிருந்து நேராகக் காஷ்மீர்ப் போருக்குப் போனார்கள்.

அடுத்த பத்தாண்டு பெயர் மாற்றங்களின் காலம். தரை, கடல், வான் மூன்று படைகளுக்கும் பொதுவான தொடக்கப் பயிற்சி வேண்டும் என்பது தலைமைத் தளபதி கிளாட் ஆச்சின்லெக் போர்முடிவில் முன்வைத்த யோசனை. 1949 ஜனவரியில் டேராடூனின் கிளமென்ட் டவுனில் கூட்டுச் சேவைப் பிரிவு தொடங்கியது. அதன் முதல் அணியில் பயின்ற ரோட்ரிக்ஸ், ராம்தாஸ், சூரி மூவரும் 1991-இல் ஒரே காலத்தில் முப்படைத் தலைவர்களாக இருந்தார்கள். 1954 இறுதியில் அந்தப் பிரிவு புனே அருகே கடக்வாஸ்லாவுக்கு மாறி, தேசியப் பாதுகாப்பு அகாடமியாக நிலைபெற்றது. அதன் தலைமைக் கட்டடத்துக்கு சூடான் பெயர் உண்டு. இரண்டாம் உலகப் போரில் இந்தியத் துருப்புகள் கிழக்கு ஆப்பிரிக்காவில் போரிட்டதற்கு நன்றியாக சூடான் அரசு தந்த நிதி அதில் சேர்ந்தது. டேராடூன் கல்லூரியோ இந்தக் காலத்தில் ஆயுதப்படை அகாடமி, ராணுவப் பிரிவு, ராணுவக் கல்லூரி என்று பல பலகைகளை மாட்டிக் கழற்றிவிட்டு, 1960-இல் இந்திய ராணுவ அகாடமி என்ற பழைய பெயருக்கே திரும்பியது.

அகாடமியின் முதல் தலைமுறை ராணுவத்தின் உச்சிக்கு வர முப்பத்தைந்து ஆண்டு பிடித்தது. கரியப்பாவுக்குப் பின் வந்த தலைமைத் தளபதிகள் எல்லாரும் சாண்ட்ஹர்ஸ்ட்காரர்கள், அல்லது பீரங்கிப் படைக்கான இங்கிலாந்தின் உல்விச் அகாடமியில் பயின்றவர்கள். அந்த வரிசையின் கடைசி ஆள் தமிழர்: திருச்செங்கோடு பக்கத்துக் குமாரமங்கலம் ஜமீன் குடும்பத்தில், முன்னாள் சென்னை மாகாண முதல்வர் டாக்டர் பி. சுப்பராயனின் மகனாகப் பிறந்த ஜெனரல் பி.பி. குமாரமங்கலம். உல்விச்சில் பயின்று, 1966 முதல் 1969 வரை தலைமைத் தளபதியாக இருந்தார். 1969 ஜூனில் அவரிடமிருந்து பொறுப்பை ஏற்ற மானெக்‌ஷா, டேராடூன் தந்த முதல் தலைமைத் தளபதி. அன்றிலிருந்து அந்த இங்கிலாந்துக் கல்லூரிகளில் பயின்ற எவரும் அந்த நாற்காலிக்கு வரவில்லை. இரண்டே ஆண்டில் வங்கதேசப் போர் மூண்டது. இந்தியத் தரப்பில் மானெக்‌ஷாவும் கிழக்குக் களத்தை நடத்திய ஜக்ஜித் சிங் அரோராவும் டேராடூனில் பயின்றவர்கள். எதிர்த்தரப்பில் பாகிஸ்தானின் அதிபராக இருந்த யாஹ்யா கானும் அதே திடலில் நடைபழகியவர்தான்.

இதற்கிடையில் 1962-இல் சீனாவிடம் பட்ட அடி, அதிகாரிகள் போதவில்லை என்பதை வெட்டவெளிச்சமாக்கியிருந்தது. டேராடூனில் பாடத்திட்டத்தைச் சுருக்கி, புதிய விடுதிகளைக் கட்டி, அவசரகால அணிகளைப் பயிற்றுவித்தார்கள். அதுவும் போதாமல் 1963-இல் புனேயிலும் சென்னையிலும் புதிய பள்ளிகள் தொடங்கின. சென்னைப் பள்ளிக்குக் கிடைத்த இடம் பரங்கிமலை. கம்பெனி காலத்தில் சென்னைப் பீரங்கிப் படையின் தலைமையகமாக இருந்த பழைய கண்டோன்மென்ட் அது. 1759-இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய இடமும் அதுவே. அவசரகால நியமனம் முடிந்தபின், குறிப்பிட்ட ஆண்டுகள் மட்டும் பணியாற்றும் குறுகிய கால அதிகாரிகளைத் தயாரிக்கும் பொறுப்பு அதற்கு வந்தது. 1988-இல் அதிகாரிகள் பயிற்சி அகாடமி என்று பெயர் பெற்றது. டேராடூன் வாழ்நாள் அதிகாரிகளைத் தருவது, பரங்கிமலை குறுகிய கால அதிகாரிகளைத் தருவது என்பதால், முன்னதே உயர்ந்தது என்ற எண்ணம் சிலரிடம் உண்டு. எதிரியின் தோட்டா அந்த வேறுபாட்டைப் பார்ப்பதில்லை. 1972-இல் பரங்கிமலையில் தேறிய மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் 1987 நவம்பரில் இலங்கையில் மாண்டு பரம்வீர் சக்ரா பெற்றார். அங்குள்ள அணிவகுப்புத் திடல் இன்று அவர் பெயரில் இருக்கிறது. 'அமரன்' படத்தின் மூலம் தமிழகம் அறிந்த மேஜர் முகுந்த் வரதராஜனும் பரங்கிமலையின் மாணவர்தான்.

டேராடூனில் ஒரு கேடட்டின் வாழ்க்கை வந்த வழியைப் பொறுத்து அளவுபடும். கடக்வாஸ்லாவில் மூன்றாண்டு முடித்தவருக்கு ஓராண்டு. பட்டம் பெற்று, மத்தியத் தேர்வாணையத்தின் தேர்வும் ஐந்து நாள் நீளும் தேர்வு வாரியமும் தாண்டி நேரடியாக வருபவருக்கு ஒன்றரை ஆண்டு. படையிலிருந்து வரும் சிப்பாய்களுக்கு ராணுவக் கேடட் கல்லூரி என்ற தனிப் பிரிவு உண்டு. 1929-இல் நவ்காங்கில் கிச்சனர் பெயரால் தொடங்கிய கல்லூரியின் வாரிசு அது. 1977-இல் டேராடூனுக்கு வந்து சேர்ந்தது. 1932-இல் நாற்பதில் பதினைந்து இடம் என்று ஒதுக்கிய அந்த வழி இன்றும் திறந்திருப்பது அகாடமியின் நல்ல மரபுகளில் ஒன்று.

விடியுமுன் உடற்பயிற்சி, பிறகு டிரில், ஆயுதப் பயிற்சி, வகுப்பு, மாலையில் விளையாட்டு, இரவில் பாடம் என்று நாள் நிரம்பியிருக்கும். ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வோர் உடை; அதை மாற்றிக்கொண்டு அடுத்த இடத்துக்கு ஓடக் கிடைக்கும் நிமிடங்களே கேடட்டுக்குப் பெரிய எதிரி. வரைபடம் படிப்பது, இருளில் காட்டுவழி நடப்பது, முதுகில் சுமையோடு ஓடுவது, குத்துச்சண்டை வளையத்தில் மூக்கில் அடிவாங்குவது எல்லாம் உண்டு. தவறுக்கு 'ரக்டா' என்னும் தண்டனை: உருளச் சொல்வார்கள், தவழச் சொல்வார்கள், மறுபடி உருளச் சொல்வார்கள். டிரில் சொல்லித்தரும் உஸ்தாத்கள் சுபேதார்களும் ஹவில்தார்களும். கேடட்டை 'சாப்' என்று மரியாதையாக அழைத்துக்கொண்டே அவர்கள் முதுகெலும்பை நிமிர்த்திவிடுவார்கள். தேறிய மறுகணம் அதே உஸ்தாத் தன் மாணவருக்கு சல்யூட் வைப்பார்.

கேடட்டுகள் பட்டாலியன்களாகவும் கம்பெனிகளாகவும் பிரிக்கப்பட்டிருக்கிறார்கள். பட்டாலியன்களுக்கு கரியப்பா, திம்மையா, மானெக்‌ஷா, பகத் என்று தளபதிகளின் பெயர்கள். கம்பெனிகளுக்குப் போர்க்களங்களின் பெயர்கள். கோஹிமா, இம்பால், அலமைன், கசினோ என்று பேரரசுக்காகப் போரிட்ட களங்களும், நவ்ஷேரா, பூஞ்ச், ஹாஜி பீர் என்று குடியரசுக்காகப் போரிட்ட களங்களும் அந்தப் பட்டியலில் அருகருகே நிற்கின்றன. எந்தக் கொடியின் கீழ் போரிட்டார்கள் என்று பார்த்துப் பழைய வீரர்களைத் தள்ளிவிடாத முதிர்ச்சி இதில் இருக்கிறது. கம்பெனிகளுக்கு இடையிலான போட்டி கடுமையானது. ஓட்டப்பந்தயம் முதல் விவாதம் வரை எல்லாவற்றிலும் புள்ளி கணக்கிட்டு, பருவ முடிவில் சிறந்த கம்பெனிக்குத் தலைமைத் தளபதியின் கொடி தரப்படும்.

ஜூனிலும் டிசம்பரிலும் நிறைவு அணிவகுப்பு நடக்கும். செட்வோட் கட்டடத்தின் முன்னுள்ள திடலில் அட்ஜுடன்ட் குதிரையில் வருவார். சிறந்த கேடட்டுக்கு மரியாதை வாள். கடைசியில் தேறியவர்கள் மெதுநடையில் கட்டடத்தின் படிகளில் ஏறி உள்ளே போவார்கள். 'அந்திம் பக்', அதாவது கேடட்டாக வைக்கும் கடைசி அடி, என்பது அந்த நடைக்குப் பெயர். பிறகு பெற்றோர் தம் பிள்ளைகளின் தோளில் நட்சத்திரத்தை மூடியிருக்கும் துணியை நீக்குவார்கள். விவசாயிகளும் சிப்பாய்களும் சிற்றூர் ஆசிரியர்களும் அந்தப் பெற்றோர்களில் இருப்பதைப் பார்த்தால், இளவரசர்களுக்கென்று கர்சன் போட்ட கணக்கு எவ்வளவு தூரம் கலைந்துவிட்டது என்பது விளங்கும். நட்பு நாடுகள் பலவற்றின் கேடட்டுகளும் அதே அணிவகுப்பில் இருப்பார்கள். பின்னாளில் தாலிபான் தலைவர்களில் ஒருவரான ஷேர் முகமது அப்பாஸ் ஸ்தானிக்சாய் 1980-களில் ஆப்கன் கேடட்டாக இங்கே பயின்றவர். பழைய மாணவர் எங்கே போய்ச் சேருவார் என்பது எந்தக் கல்லூரியின் கையிலும் இல்லை.

பெண்கள் விஷயத்தில் ராணுவம் நடந்துகொண்ட விதம் 1920-களின் வாதங்களை அப்படியே நினைவூட்டும். சிப்பாய்கள் இவர்களின் உத்தரவை ஏற்கமாட்டார்கள் என்று அன்று இந்தியரைப் பற்றி ஆங்கிலேயர் சொன்னதையே, இன்று பெண்களைப் பற்றி அரசு வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தில் சொன்னார்கள். மருத்துவப் பிரிவுகளுக்கு வெளியே பெண்களை அதிகாரிகளாகச் சேர்ப்பது 1992-இல்தான் தொடங்கியது. டேராடூனில் இடமில்லை, பரங்கிமலைதான் அவர்களை ஏற்றது. 25 பேர் கொண்ட முதல் அணி 1993 மார்ச்சில் அங்கே தேறியது. குறுகிய காலப் பணி, சில பிரிவுகள் மட்டும் என்று எட்டு யூனிட் திட்டத்தின் சாயலில்தான் அதுவும் அமைந்தது. நிரந்தரப் பணி கேட்டு அவர்கள் பல ஆண்டுகள் வழக்காடினார்கள். 2020 பிப்ரவரி 17 அன்று உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. மறு ஆண்டு அதே நீதிமன்றத்தின் உத்தரவால் தேசியப் பாதுகாப்பு அகாடமியின் தேர்வும் பெண்களுக்குத் திறந்தது. 2022-இல் அங்கே சேர்ந்தவர்களில் 17 பெண்கள் 2025 மே மாதம் கடக்வாஸ்லாவில் தேறினார்கள். அவர்களில் தரைப்படையைத் தேர்ந்தவர்கள் அந்த ஆண்டே டேராடூன் அகாடமியில் பயிற்சிக்குச் சேர்ந்தார்கள். 1932-க்குப் பின் அங்கே நுழைந்த முதல் பெண் கேடட்டுகள் அவர்கள்தான்.